35 தாண்டின எல்லாரும் ஒருக்கா போய் வாங்கோ: ஆஸ்பத்திரி இலவச செக்கப் கிளினிக் எப்பிடி இருக்கு?

வன்னியில நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும், கிளிநொச்சியோ முல்லைத்தீவோ மல்லாவியோ வவுனியாவோ, உங்களுக்குக் கிட்ட இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரியில அனேகமா ஹெல்தி லைஃப்ஸ்ரைல் சென்ரர் எண்டு ஒரு அறை இருக்கும். சில இடத்தில சுருக்கி எச்.எல்.சி எண்டு போட்டிருப்பினம், எங்கட ஊர்ச்சனம் 'செக்கப் கிளினிக்' எண்டுதான் சொல்லும். வருத்தம் வந்த ஆக்களுக்கான இடம் இல்லை இது, வருத்தம் வரமுதல் பாக்கிற இடம். 2011ல இருந்து சுகாதார அமைச்சு நாடு முழுக்கத் தொடங்கின சேவை, முதல் 40 இல இருந்து 65 வயசு வரைக்கும் எண்டு வச்சிருந்தவை, பிறகு 35 தாண்டின எல்லாரும் வரலாம் எண்டு ஆக்கிட்டினம். ஒரு சதம் காசு இல்லை. இதே ரெஸ்ற் எல்லாத்தையும் பிரைவேற் லாப்பில செய்யப்போனா கூலிக்குப் போற ஆளின்ரை ஒரு நாள் சம்பளம் காணாது. இவ்வளவு இருந்தும் எங்கட பக்கத்தில கனபேருக்கு இப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது, தெரிஞ்சவையும் போகினம் இல்லை, முக்கியமா ஆம்பிளையள். அதுதான் எனக்குப் பெரிய கவலை, அதாலதான் கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

எங்கட வீட்டில இருந்து மூண்டு பேர் போனது, நானும் என்ரை மனுசனும் மாமியும். நான் முன்பள்ளி ரீச்சர், அவர் வயல் செய்யிறவர், 46 வயசு, மாமி 60 தாண்டிட்டா. எந்த ஆஸ்பத்திரி எண்டு பேர் சொல்லேல்லை, ஏனெண்டா நல்லதும் சொல்லப்போறன் குறையும் சொல்லப்போறன், அங்க வேலை செய்யிற பிள்ளையளுக்கு அதால கரைச்சல் வரக்கூடாது.

முதல் நாள் இரவு சாப்பிட்டாப் பிறகு ஒண்டும் சாப்பிடாமல் காலமை வெறும் வயித்தோட வரச்சொல்லுவினம், தண்ணி மட்டும் குடிக்கலாம். போனவுடன நம்பர் எடுத்து பேர் பதிஞ்சு ஒரு கொப்பி தருவினம், அந்தக் கொப்பியைப் பத்திரமா வைக்கோணும், பிறகு எப்ப போனாலும் அதைத்தான் கேப்பினம். அடுத்தது உயரம், நிறை, இடுப்பளவு, பிறசர், விரலில குத்தி சீனி பாக்கிறது. கொலஸ்ரோல் எங்கட மூண்டு பேரில அவருக்கும் மாமிக்கும் எடுத்தவை. இதெல்லாம் கெதியா முடிஞ்சிடும். இந்தக் கிளினிக்கின்ரை பெறுமதி அதுக்குப் பிறகு வாற கதையிலதான் இருக்கு, ஒரு நேர்ஸ் மிஸ் உங்களை இருத்தி வச்சு என்ன சாப்பிடுறியள், எவ்வளவு நடக்கிறியள், வெத்திலை போடுவியளோ, சிகரெற் குடியோ, அப்பா அம்மாவுக்கு என்ன வருத்தம் இருந்தது, நித்திரை வருதோ எண்டு ஒண்டொண்டாக் கேப்பா. ஓ.பி.டி எண்ட வெளிநோயாளர் பிரிவில ஒரு டொக்டர் ஒரு ஆளோட ரெண்டு நிமிசம் கதைச்சாலே பெரிய விசயம், அங்க அவ்வளவு சனம், இஞ்ச எங்கட ஒவ்வொருத்தரோடயும் ஆறுதலா இருந்து கதைச்சவை. என்ரை வயசில என்னை இருத்தி வச்சு நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு ஒருத்தர் கேட்டது எனக்குப் பெரிய விசயமாத்தான் இருந்தது.

அவரோட நடந்த கதையை அப்பிடியே எழுதுறன்.

"அண்ணை ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி?"

"அஞ்சு வரும் மிஸ். வயல் நாளில இன்னும் கூட."

"சீனி எவ்வளவு?"

"மூண்டு கரண்டி."

மிஸ் மேசையில ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணமும் சீனிப் போத்திலும் வச்சிருந்தவ, ஒண்டும் பேசாமல் 15 கரண்டி அள்ளிப் போட்டு அவருக்கு முன்னால தள்ளி வச்சா. "இது உங்கட தேத்தண்ணிக்கு மட்டும் அண்ணை, பிஸ்கட், சோடா, கேக் இதில சேரேல்லை." ஒரு கரண்டி கிட்டத்தட்ட 4 கிராம், அப்ப 60 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் பெரிய ஆக்களுக்கு ஒரு நாளைக்கு சேத்துக்கொள்ளுற சீனி 50 கிராமுக்குக் கீழ இருக்கோணும், 25 எண்டா இன்னும் நல்லம் எண்டு சொல்லுது, அதாவது எல்லாமாச் சேத்து 6 கரண்டி. அவர் அந்தக் கிண்ணத்தைப் பாத்தபடி இருந்தவர். வீட்டில நான் எவ்வளவு சொல்லியும் ஏறாதது அந்தக் கிண்ணத்தோட ஏறிட்டுது.

மாமி அந்த நேரம் நடுவில புகுந்து "நான் சீனியே போடுறேல்லை பிள்ளை, பனங்கட்டி கடிச்சுக்கொண்டுதான் குடிக்கிறனான்" எண்டு சொன்னா. எங்கட ஊரில கனபேர் அப்பிடித்தான் நம்பிக்கொண்டு இருக்கினம். மிஸ் வடிவா விளங்கப்படுத்தினவ, பனங்கட்டியில கொஞ்சம் சத்து இருக்கு, இல்லையெண்டு இல்லை, ஆனா அதுவும் சீனிதான் அம்மா, உடம்புக்குள்ள போனா ரத்தத்தில சீனியைக் கூட்டத்தான் செய்யும், ருசிக்கு ஒரு சின்னத் துண்டு கடிக்கிறது வேற, ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் ஒரு கட்டி கடிக்கிறது வேற எண்டு. சோடா கதையும் வந்தது. இலங்கையில 2016ல இருந்து இனிப்புக் குடிபானப் போத்திலில கலர் அடையாளம் போடோணும் எண்டு சட்டம், 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ எண்டா பச்சை, நடுவில இருந்தா மஞ்சள் மாதிரிக் கலர். கடையில வாங்கேக்க அந்தச் சின்ன வட்டத்தைப் பாக்கிற பழக்கம் எங்களுக்கு அதுக்குப் பிறகுதான் வந்தது. இப்ப என்ரை முன்பள்ளிப் பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கிறன், அதுகள் தாய்மாருக்குச் சொல்லுதுகள், சிவப்பு வேண்டாம் அம்மா எண்டு.

ரிசல்ற் வந்தது. அவருக்கு வெறும் வயித்துச் சீனி 112. 100க்குக் கீழ இருந்தா சரி, 126க்கு மேல போய் திரும்பப் பாத்தும் அப்பிடியே இருந்தா சலரோகம், இந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கிறது வருத்தம் வாறதுக்கு முதல் படி. மாமிக்கு பிறசர் 168க்கு 96, அவவுக்கு ஒரு தலையிடி கூட இருந்ததில்லை. பிறசர் அப்பிடித்தான், ஒரு அறிகுறியும் காட்டாமல் வருசக்கணக்கா உள்ளுக்க இருந்து ஒரு நாள் பாரிசவாதமா வந்து விழுத்தும். எனக்கு சீனியும் பிறசரும் பரவாயில்லை, இடுப்புச் சுற்றளவுதான் கூட. எங்கட ஆக்களுக்கு பொம்பிளையள் எண்டா 80 சென்ரிமீற்றர், ஆம்பிளையள் எண்டா 90 க்குள்ள இருக்கோணும், பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு நிறை சரியோ எண்டு பாக்கிற கணக்கு, 23க்கு மேல போகாமல் பாக்கோணும். வெள்ளைக்காரருக்கு 25 வரைக்கும் சரி, எங்களுக்குக் குறைவு, ஏனெண்டா எங்கட ஆக்களுக்கு கொஞ்ச நிறையிலயே வயித்துக்குள்ள கொழுப்புச் சேந்து சீனி வருத்தம் வெள்ளணவே வந்திடும்.

பிறகு ஒரு கலர் அட்டவணை காட்டுவினம், வயசு, பிறசர், புகைக்கிறதோ இல்லையோ, சீனி, கொலஸ்ரோல் எல்லாம் வச்சு அடுத்த 10 வருசத்தில மாரடைப்போ பாரிசவாதமோ வாற ஆபத்து எவ்வளவு எண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு கட்டம் கட்டமா இருக்கும். உங்கட கட்டத்தில மிஸ் பேனையை வச்சுக் காட்டேக்க உண்மையா வயித்தைக் கலக்கும், ஆனா அதில ஒரு நல்லது இருக்கு, சிகரெற்றை விட்டா இந்தக் கட்டத்தில இருந்து இந்தக் கட்டத்துக்கு வருவியள், பிறசர் குறைஞ்சா இதுக்கு வருவியள் எண்டு அங்கயே காட்டுவினம். வயசை மாத்தேலாது, மற்றதெல்லாம் மாத்தலாம்.

இப்ப உடற்பயிற்சி. இதில அவர் டொக்டரோட கொஞ்சம் வாதாடினவர், நான் வயல்காரன் டொக்டர், எனக்கு எதுக்குத் தனியா நடை எண்டு. டொக்டர் கோவிக்கேல்லை, திருப்பி ஒரு கேள்விதான் கேட்டவர், "உழவு ஆர் அடிக்கிறது? வெட்டு ஆர்? மருந்து அடிக்கிறது என்னத்தால?" எண்டு. உழவுக்கு லாண்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின், வெட்டுக்கு வெட்டு மெசின், வயலுக்குப் போறது மோட்டச்சைக்கிள். காலபோகத்தில (மழைக்கால நெல்லுக்கு) சில கிழமை முறிஞ்சு வேலை செய்யிறதுதான், சிறுபோகத்துக்கு (வெயில்கால நெல்லுக்கு) குளத்துத் தண்ணி குடுக்காத வருசமெண்டா மாசக்கணக்கா வரம்பில ஏறி இறங்கிறதோட சரி. அப்பாவின்ரை காலத்து வயல்காரன்ரை உடம்பு இப்பத்தைய வயல்காரனுக்கு இல்லை. இது எங்கட முழு ஊருக்கும் பொருந்தும், 2022ல பெற்றோல் இல்லாமல் கியூஆர் கோட்டோட லைனில நிண்ட நேரம் எல்லாரும் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தம், பெற்றோல் வந்தவுடன சைக்கிள் திரும்பவும் கோடிக்குள்ள போயிட்டுது.

அவை சொல்லுற கணக்கு இதுதான், கிழமைக்கு 150 நிமிசம், கொஞ்சம் மூச்சு வாங்கிற மாதிரி, கதைக்கலாம் ஆனா பாட்டுப் பாடேலாது எண்ட அளவுக்கு. நாளுக்கு அரை மணித்தியாலம் அஞ்சு நாள், அதையும் ஒரேயடியா நடக்கோணும் எண்டில்லை, காலமை கொஞ்சம் பின்னேரம் கொஞ்சம் எண்டாலும் சரி. அதோட கிழமையில ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுக்கிற மாதிரி ஏதாவது, தண்ணி வாளி தூக்கிறது, கதிரையில இருந்து கை ஊண்டாமல் எழும்பி எழும்பி இருக்கிறது. நான் வீட்ட வந்து தேடி வாசிச்சன், 2002ல அமெரிக்காவில வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில அவரை மாதிரி முதல் படியில நிண்ட ஆக்களுக்கு இதே 150 நிமிச நடையும் நிறையில 7 சதவீதம் குறைக்கிறதும் எண்டு இலக்கு வச்சுப் பாத்ததில சலரோகம் வாறது 58 சதவீதம் குறைஞ்சிருக்கு, மெற்ஃபோர்மின் எண்ட சலரோகக் குளிசை குடுத்த ஆக்களுக்கு 31 சதவீதம்தான். நடையும் நிறைக் குறைப்பும் சேந்து குளிசையை வெண்டிருக்கு. இதை வாசிச்சுக் காட்டினாப் பிறகுதான் அவர் சப்பாத்து வாங்கினவர்.

எங்க நடக்கிறது எண்டதுதான் வன்னியில உண்மையான பிரச்சினை, கிளினிக்கில அதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம், அதால நானே சொல்லுறன். ஏ9 ஓரத்தில விடியப்புறம் இருட்டோட நடக்காதேங்கோ, லொறியும் பஸ்ஸும் வாற வேகத்துக்கு அது உயிருக்கு ஆபத்து, நடக்கத்தான் வேணுமெண்டா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வாகனம் வாற பக்கத்தைப் பாத்து நடவுங்கோ. எங்கட பக்கத்தில திறம் இடம் குளக்கட்டுதான். இரணைமடுக் கட்டு கிட்ட இருக்கிற ஆக்கள் குடுத்து வச்சவை, வடக்கிலயே பெரிய குளம், பின்னேரம் வெயில் சாய்ஞ்சாப் பிறகு தண்ணிப் பக்கத்தில இருந்து வாற காத்தில நடந்தா களைப்பே தெரியாது. ஊருக்கு ஊர் சின்னக்குளம் இருக்குத்தானே, அந்தக் கட்டுகளும் காணும். ஆனா ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் மாதிரி ஆனை நடமாட்டம் இருக்கிற இடமெண்டா காட்டோரக் கட்டுக்கு இருட்டில போகவேண்டாம். சோளகக் காலத்தில தூசிக்கு மூக்கை மூடி ஒரு துணி, பங்குனி சித்திரையில காலமை 7 மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம், அந்த வெயில் ஆளைச் சுருட்டிப் போடும். நாய்த்தொல்லைக்கு ஒரு தடி.

பொம்பிளையளுக்கு இன்னொரு பிரச்சினை, ஊர்வாய். "உவள் எங்க வெளிக்கிட்டு நடக்கிறாள்" எண்ட கதை முதல் கிழமையே வரும். அதுக்கு எங்களுக்குச் சரிவந்தது கூட்டமாப் போறது, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் தொடங்க, பிறகு மற்ற லேன் ஆக்களும் சேர, ஒரு வட்சப் குறூப் வச்சு இண்டைக்கு எத்தினை மணிக்கு எண்டு போட்டிட்டுப் போறம். இப்ப கதைச்ச ஆக்களே கூட வருகினம். ஆம்பிளையளுக்கு நடை அலுப்பெண்டா ஊரில சனசமூக நிலைய கிறவுண்டில பின்னேரம் வொலிபோல் அடிக்கிறவை இருக்கினம், பெடியளோட சேந்து நிண்டு விளையாடலாம், 40 தாண்டின ஆக்களுக்கு எண்டு கிழமைக்கு ரெண்டு நாள் ஒதுக்கச் சொல்லி எங்கட சனசமூக நிலையத்தில கேட்டிருக்கிறம், மற்ற ஊர் ஆக்களும் கேட்டுப்பாருங்கோ.

சாப்பாட்டு அட்வைஸுக்கு என்னட்ட முழு மார்க். ஓட்ஸ், ஒலிவ் ஒயில், பெரி எண்டு எங்களுக்குக் கிடைக்காத, வாங்கேலாத சாமான் ஒண்டும் சொல்லேல்லை. கோப்பையில பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ. முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, தூதுவளை எல்லாம் வேலியிலயும் வரம்பிலயும் நிக்குது. சோறு எண்டா தீட்டின வெள்ளையரிசியைக் குறைச்சு எங்கட மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி மாதிரி தவிடு போகாத சிவப்பரிசி, ஆனா சிவப்பு எண்டதால மலை மாதிரிப் போட்டுச் சாப்பிடலாம் எண்டில்லை, அளவு அளவுதான். குளத்து மீன் நல்லம், யப்பான் மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கோ எண்டு மிஸ் சொல்ல மாமிக்கு முகம் மாறிட்டுது, ஏனெண்டா பொரிச்சாத்தான் அவவுக்கு இறங்கும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு தேக்கரண்டி மட்டும், கறிக்குப் போடுறது, கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் சேத்துத்தான். பிறசர்க்காரர் கருவாட்டைப் பாத்து யோசிக்கோணும். வெத்திலை கதைக்கு மிஸ் கொஞ்சம் கடுமையா நிண்டவ, புகையிலை போடாட்டிலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் எண்டு 2004லயே சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதியாச் சொல்லியாச்சு, வாயைத் திறக்கப் பண்ணி லைற் அடிச்சுப் பாத்தவ, வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ ஆறாமல் இருக்கிற புண் எண்டா உடன பல் டொக்டரிட்ட காட்டச் சொன்னவ. மாமி இன்னும் வெத்திலையை முழுசா விடேல்லை, புகையிலையை விட்டிட்டா, அதுவே பெரிய விசயம்.

நித்திரை வருதோ எண்ட கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் எழுதோணும், ஏனெண்டா வன்னியில அந்தக் கேள்விக்கு சும்மா ஓம் இல்லை எண்டு மறுமொழி சொல்லேலாது. எங்களுக்கு முன்னால இருந்த ஒரு அக்கா அந்தக் கேள்விக்கே அழத்தொடங்கிட்டா. ஒருத்தருக்கு பிள்ளையை இழந்தது, ஒருத்தருக்கு காணாமல் போன மனுசன், ஒருத்தருக்கு கிழமைக்குக் கிழமை வாசலில வந்து நிக்கிற லோன்காரன், யுத்தம் முடிஞ்ச மே மாசம் கிட்ட வரேக்க எங்கட ஊரில கனபேருக்கு நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கும், தலையிடி, வயித்தெரிவு எண்டு ஓ.பி.டி யில வந்து நிப்பினம், ஆனா மனசு சரியில்லை எண்டு சொல்லமாட்டினம், சொன்னா விசர் எண்டு பேர் வந்திடும் எண்ட பயம். மிஸ் அந்த அக்காவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்து கேட்டவ, பிறகு உளநல யூனிற்றுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்து, பயப்பிடாதேங்கோ அக்கா, காய்ச்சலுக்கு மருந்து எடுக்கிறேல்லையோ அப்பிடித்தான் இதுவும் எண்டு சொல்லி அனுப்பினவ. பெரிய ஆஸ்பத்திரியில உளநலப் பிரிவு இருக்கு, போகேலாட்டி 1926 எண்ட நம்பருக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ரை லைன். பின்னேர நடையும் இதில சேருது, என்னோட நடக்க வாற ரெண்டு மூண்டு பேர் சீனிக்கோ நிறைக்கோ வரேல்லை, கதைக்க வருகினம், வீட்டில சொல்லேலாததைக் கட்டில நடந்துகொண்டு சொல்லலாம், அதுக்குப் பிறகு இரவு கொஞ்சம் கண் மூடுது எண்டு சொல்லுகினம். மருந்து எடுக்கிற ஆக்கள் மருந்தை விடாமல் இதையும் செய்யுங்கோ.

இன்னொண்டு எனக்கு மனசுக்குப் பிடிச்சது. யுத்தத்தில கால் போன ஒரு அண்ணை அண்டைக்கு வந்திருந்தவர், பொய்க்காலோட. அவருக்கும் நடவுங்கோ எண்டு ஒப்புக்குச் சொல்லி அனுப்பேல்லை, கால் முட்டுற இடத்தில புண் இருக்கோ எண்டு பாத்து, கதிரையில இருந்துகொண்டு கை இரண்டாலயும் தண்ணிப் போத்தில் தூக்கி இறக்கிற பயிற்சி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் செய்யிற பயிற்சி எல்லாம் காட்டிக் குடுத்து, பிசியோதெரபிக்கும் எழுதிக் குடுத்தவை. எங்கட மண்ணில இப்பிடியான ஆக்கள் எத்தினை பேர், ஒரு கால் இல்லாத உடம்புக்கு நிறை கூடினா மற்றக் காலும் முழங்காலும்தான் தாங்கோணும், அவைக்குத்தான் இந்தக் கிளினிக் இன்னும் தேவை. உடம்புக்குள்ள ஷெல் துண்டு இருக்கிற ஆக்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கோ, பிறகு ஸ்கான் எடுக்க வேண்டி வந்தா அது முக்கியம்.

இனிக் குறையள். முதலாவது நேரம். கிழமை நாளில காலமை மட்டும்தான், அதுவும் எங்கட ஆஸ்பத்திரியில கிழமையில ஒரு நாள். கூலிக்குப் போற ஆள் ஒரு நாள் சம்பளத்தை விட்டிட்டு வருத்தமே இல்லாமல் ஏன் வாறது? ஆம்பிளையள் வராததுக்குப் பாதிக் காரணம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். மாசத்தில ஒரு ஞாயிறோ, இல்லாட்டி வெட்டு முடிஞ்ச நேரத்தில கமக்காரர் அமைப்புக் கூட்டம் நடக்கிற இடத்துக்கே மெசினைக் கொண்டுவந்து பாத்தாலோ நூறு பேர் வருவினம். ரெண்டாவது, இடம். ஒரே அறைக்குள்ள மூண்டு மேசை, ஒரு மேசையில குடிப்பியளோ எண்டு கேக்கிறது அடுத்த மேசைக்குக் கேக்குது, சின்ன ஊர், எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள், அப்ப ஆர் உண்மை சொல்லுவினம்? ஒரு ஸ்கிறீன் துணி கட்டினாலே காணும். அந்த அக்கா அழுததையும் முழு வாங்கும் பாத்துக்கொண்டிருந்தது, எனக்கு அது சரியில்லை. மூண்டாவது, வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுத்த சனத்துக்கு வெளியில கடையில இருக்கிறது ரோல்ஸ், பணிஸ், சோடா, சீனி போட்ட பால்தேத்தண்ணி. ஒரு கிண்ணம் இலைக்கஞ்சியோ அவிச்ச பயறோ கௌபியோ விக்க ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு மேசை குடுக்கலாம், அவைக்கும் உழைப்பு. குடுக்கிற துண்டுப்பிரசுரத்தின்ரை தமிழும் மாமிக்கு விளங்கேல்லை, நான்தான் வாசிச்சுச் சொன்னது. நாலாவது, திரும்பி வாங்கோ எண்டு கொப்பியில திகதி எழுதுறதோட சரி, வராத ஆளுக்கு ஒரு கோல் இல்லை. அங்க இருக்கிற ஆள்பலத்துக்கு அது ஏலாது எண்டும் விளங்குது, இருக்கிற ரெண்டு மிஸ்மாரும் மத்தியானம் வரைக்கும் எழும்பாமல் வேலை செய்தவை.

இருந்தும் 5க்கு 4 குடுக்கிறன், மனசார. இலங்கையில நடக்கிற மரணங்களில பத்துக்கு எட்டுக்கு மேல இந்தத் தொற்றா நோயளாலதான், மாரடைப்பு, பாரிசவாதம், சலரோகம், புற்றுநோய். யுத்தத்தைத் தாண்டி வந்த ஆக்கள் 50 வயசில சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுறதைப் பாக்க எனக்குத் தாங்குதில்லை, அதுவும் தடுக்கக்கூடிய வருத்தத்துக்கு. (நெஞ்சுநோ, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது, வாய் கோணுறது எண்டா ஓட்டோ தேடி நிக்காமல் 1990க்கு எடுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் 2018ல இருந்து வடக்கிலயும் ஓடுது, அதுவும் காசில்லை.)

எங்கட வீட்டு நிலவரம் கேக்கிற ஆக்களுக்கு: அவர் தேத்தண்ணிக்கு இப்ப ஒரு கரண்டி, சீனி குறைஞ்சிருக்கு, இன்னும் 100க்குக் கீழ வரேல்லை, நடையை விடேல்லை. மாமி பிறசருக்குக் குளிசை எடுக்கிறா, நல்லா இருக்கிறன் எண்டு நினைச்சு நடுவில நிப்பாட்டப் பாத்தவ, மிஸ் பேசினாப் பிறகு ஒழுங்கா எடுக்கிறா. என்ரை இடுப்பு இன்னும் 80க்கு வரேல்லை, ஆனா பள்ளிக்கூடத்தில பிள்ளையளோட நிலத்தில இருந்து எழும்பேக்க முழங்கால் பிடிக்கிறது நிண்டுட்டுது.

பொம்பிளையளுக்கு இன்னொரு தகவல், இதோட குழப்பாதேங்கோ, எம்.ஓ.எச் ஒபிஸில (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) சுகவனிதையர் கிளினிக் எண்டு வேறயா ஒண்டு இருக்கு, 1996ல இருந்து நடக்குது, 35 வயசிலயும் 45 வயசிலயும் முக்கியமா கூப்பிடுவினம், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ரெஸ்ற் எடுக்கிறது அங்கதான், மார்பகமும் பாப்பினம். அதுக்கும் வெக்கப்படாமல் போங்கோ, பாக்கிறது பொம்பிளையள்தான் எங்கட பக்கத்தில. வவுனியாப் பக்கம் இருக்கிற ஆக்கள், அங்க சிறுநீரக வருத்தம் கூட, வயலில தண்ணி குடிக்காமல் நிக்கிறதும் உடம்பு நோவுக்குக் கடையில குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்கிறதும் நல்லதில்லை, செக்கப்புக்குப் போகேக்க சிறுநீரகத்தையும் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ.

போகேக்க அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி ஏதும் இருந்தா அது, இப்ப எடுக்கிற குளிசையளின்ரை பேப்பர், கட்டிக்கொண்டுபோக அவிச்ச கடலையோ ரெண்டு வாழைப்பழமோ, கை மடிக்கக்கூடிய சேட் அல்லது லூசான சட்டை, பிறசர் பட்டி கட்ட லேசு. ஏற்கனவே சலரோகக் குளிசை எடுக்கிற ஆக்கள் வெறும் வயித்தோட போறதெண்டா முதலே கேட்டிட்டுப் போங்கோ, சீனி இறங்கித் தலை சுத்தும். மனுசன் வரமாட்டன் எண்டு நிண்டா நீங்களும் வாறன் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ. எந்த நாள் எண்டு ஓ.பி.டி கவுண்டரில கேக்கலாம், இல்லாட்டி உங்கட ஏரியா மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேளுங்கோ, அவவுக்குத் தெரியும்.